விரல் உயரப் படைவீரனுக்கு வரலாற்றுத் துல்லியம் எதற்கு, யார் கவனிக்கப்போகிறார்கள்?

புதிதாக உருவம் செய்யத் தொடங்கி, யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்ட ஆத்திரத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் கதை நேர்மாறு. துல்லியமாகச் செய்ததற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். பிரெஞ்சுக் காலாட்படையின் ஃப்யூசிலியர், அதாவது சாதாரணத் துப்பாக்கி வீரன் ஒருவனை 54 மி.மீ. உயரத்தில், நிஜ ஆளில் 32-இல் ஒரு பங்காக (1/32) செய்தேன். முந்தைய இரவு கொட்டும் மழை; அதனால் நீலச் சீருடைக்கு மேல் நீண்ட மேலங்கி, தொப்பிக்கு உறை. கம்பியில் எலும்புக்கூடு கட்டி, எபாக்சி புட்டியில் (களிமண்போலப் பிசைந்தால் பிறகு இறுகும் பசை) உடம்பை முடித்து, அது இறுகிய பிறகே அங்கியைப் போர்த்தினேன். நனைந்த கம்பளி பட்டுபோல நெளியாது. தோளிலிருந்து கனத்து இறங்கி, முழங்காலில் முட்டித்தான் மடியும். அந்த ஒரு மடிப்புக்காகப் புட்டியை எத்தனையோ முறை வழித்தெறிந்தேன்.

போட்டியில் நடுவர் பார்த்தார். "பிச்சைக்காரன் மாதிரி இருக்கிறானே, மார்பில் குறுக்கு வார் எங்கே?" என்றார். குறுக்காகப் போகும் இரட்டை வார், இடுப்பில் வாள் வைத்திருந்த கிரனேடியர் என்ற தேர்ந்தெடுத்த வீரருக்குத்தான். ஃப்யூசிலியருக்குத் தோட்டாப் பெட்டியின் வார் ஒன்றுதான். பயனெட்டின் (துப்பாக்கி முனையில் செருகும் கத்தி) உறையும் அதிலேயே தொங்கும். சொன்னேன், எடுபடவில்லை. அவர் ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர். பிரிட்டனின் ஸ்காட்ஸ் கிரேஸ் குதிரைப்படை வாட்டர்லூவில் பாய்ந்து வரும் அந்தப் புகழ்பெற்ற ஓவியமே 1881-இல், போர் முடிந்து 66 ஆண்டுகள் கழித்து வரையப்பட்டது. அதில் கரடித்தோல் தொப்பிகள் பளிச்சென்று தெரியும். போரன்று அவை எண்ணெய்த்துணி உறைக்குள் இருந்தன.

"இவன் பொத்தான் எண்ணுகிற ஆள்" என்று சிலர் கிளம்புவார்கள். ஐயா, 16 மி.மீ. பொத்தான் 1/32 அளவில் அரை மில்லிமீட்டர். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் குடிமுழுகாது. ஆனால் அவன் கையிலிருக்கும் மஸ்கெட் (அந்தக் கால நீளத் துப்பாக்கி), 1777-ஆம் ஆண்டு வடிவமைப்பு, ஒன்றரை மீட்டர் நீளம். நம் அளவில் சுமார் 47 மி.மீ., தரையில் ஊன்றினால் முகவாய் வரை வரவேண்டும். அதைக் குறைத்தால் ஆள் நிற்கிற தோரணையே மாறிவிடும். வெறும் விளையாட்டுக்குச் செய்கிறீர்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம், நான் தடுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் விற்ற பிரதி ஒன்றை வாங்கிச் சிலிகான் அச்செடுத்து, ரெசினில் (ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) வார்த்து விற்கிறார் ஒருவர். கேட்டால், "வரலாறு உங்கள் சொத்தா?" என்கிறார். நெப்போலியன் என் சொத்தில்லை. அந்த முழங்கால் மடிப்பு என் உழைப்பு. அவர் வார்த்ததில் அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு மூக்கின் நடுவே ஓடுகிறது, அதை அரத்தால் தேய்க்கக்கூட மனிதருக்குச் சோம்பல்.