தோற்றால் தப்பு குவார்ட்டர்பேக் மேலா, பிளே சொன்ன கோச் மேலா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் அணி தோற்றால் பழி பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கா, அடுத்து என்ன ஆட வேண்டும் என்று, அதாவது எந்த பிளே என்று, சொல்லும் கோச்சுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால், நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. திங்கட்கிழமை காலை ஆபீஸில் காபி எடுக்கப் போனால் அங்கே நாலு பேர் நின்று முந்தின நாள் மேட்சைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். குவார்ட்டர்பேக்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பார் ஒருவர். பிளே சொன்ன கோச்சைத்தான் அனுப்ப வேண்டும் என்பார் இன்னொருவர். யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் நாம் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். 2013-ல் சியாட்டில் பக்கம் வந்தபோது நானும் அப்படித்தான் நின்றேன்.

நான் இந்த ஆட்டத்தை ஆடியவன் இல்லை, மதுரையில் டென்னிஸ் பால் கிரிக்கெட்டோடு சரி. 'டிவி பார்த்துவிட்டுப் பேசுகிறான்' என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளின் அணி ஒன்றுக்கு இரண்டு சீசன் நான்தான் பிளே சொன்னேன். அதில் ஒரு நாள் நடந்த விஷயம் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் கேள்வி சரியாக அந்த இடத்தில் வந்து பட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள தொழில்முறை லீக்கான என்எஃப்எல் மேட்சில் குவார்ட்டர்பேக் தன் இஷ்டத்துக்குப் பந்தை எறிவதில்லை. அவர் ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சைப் புள்ளி ஒன்று ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஓரத்தில் நிற்கும் கோச்சோ மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் கோச்சோ எந்த பிளே என்று முடிவு செய்கிறார், அது இவர் காதுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு பிளேக்கும் 40 விநாடிக் கடிகாரம் ஓடும். அதில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்தத் தொடர்பு தானாக அறுந்துவிடும். அதற்கப்புறம் அவர் தனி ஆள். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, சொன்னதையே ஆடுவதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். மாற்றும் உரிமை எவ்வளவு என்பது அணிக்கு அணி, ஆளுக்கு ஆள் வேறுபடும். பந்து தப்பான இடத்துக்குப் போனால் டிவியில் தெரிவது எறிந்த கை மட்டும்தான். அங்கே எறியச் சொன்ன வாய் தெரியாது.

சியாட்டில்காரனிடம் இதைக் கேட்டால் அவன் 2015 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குத்தான் போவான். அன்றைய சூப்பர் பவுலை, அதாவது என்எஃப்எல் இறுதி ஆட்டத்தை, ஒரு நண்பர் வீட்டில் பதினைந்து பேராகப் பார்த்தோம். நான்காவது குவார்ட்டர் தொடங்கும்போது எங்கள் சியாட்டில் அணியான சீஹாக்ஸ் 24-14 என்று முன்னால் இருந்தது. எதிரணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இரண்டு டச்டவுன் (பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) போட்டு 28-24 என்று திருப்பிவிட்டார். கடைசி நிமிடங்களில் எங்கள் ஆள் ஜெர்மெய்ன் கியர்ஸ் கீழே விழுந்து, பந்து காலிலும் கையிலும் தட்டித் தட்டி எழும்ப, படுத்தபடியே பிடித்தார். கோட்டுக்கு ஐந்து யார்டு. அடுத்து மார்ஷான் லின்ச் ஓடி நாலு யார்டு எடுத்தார். ஒரே ஒரு யார்டு பாக்கி. நாட்டிலேயே ஓட்டத்தில் முரட்டு ஆள் என்று பெயரெடுத்தவர் நம் பக்கம் நிற்கிறார்.

26 விநாடி இருக்கும்போது பந்து வந்தது. எங்கள் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் லின்ச்சிடம் கொடுக்கவில்லை. நடுப்பக்கம் வெட்டி ஓடிய ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு எறிந்தார். எதிரணியின் மால்கம் பட்லர் என்ற புது ஆள், டிராஃப்டில் (அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எந்த அணியும் எடுக்காத ஆள், குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். அவ்வளவுதான். நண்பர் வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவே இல்லை. அடுப்பில் பஜ்ஜி எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது, அணைக்கக்கூட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்றிரவு எல்லோரையும்போல நானும் வில்சனைத் திட்டினேன். அப்புறம் அந்த ஒரு பிளேயை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. பார்க்கப் பார்க்க என் பேச்சு மாறியது.

அந்த இடத்தில் எறிவது என்பதே முட்டாள்தனம் இல்லை. சீஹாக்ஸ் ரசிகன் பூசி மெழுகுகிறான் என்று நினைக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். மூன்று வாய்ப்பு, 26 விநாடி, கடிகாரத்தை நிறுத்தக் கையில் ஒரே ஒரு டைம் அவுட். மூன்று தடவையும் ஓடினால் நேரம் போதாது. எறிந்து பந்து கீழே விழுந்தால் கடிகாரம் நிற்கும். அந்த சீசனில் ஒரு யார்டிலிருந்து எறிந்த எந்தப் பந்தையும் அதற்கு முன் எதிரணி பிடித்ததில்லை. லின்ச்சும் ஒரு யார்டிலிருந்து அந்த சீசனில் ஐந்து தடவை ஓடி ஒரு தடவைதான் உள்ளே போயிருந்தார். ஆகவே எறியலாம் என்று தலைமை கோச் பீட் கேரல் நினைத்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் எந்த எறி? அங்கேதான் எனக்கு ஆறவில்லை. ஆள் நெரிசலாக நிற்கும் நடுப்பக்கம் எறிகிற பிளே அது. முன்னால் நிற்கும் கியர்ஸ் பட்லரின் வழியை மறித்தால்தான் லாக்கெட்டுக்கு இடம் கிடைக்கும். கியர்ஸுக்கு எதிரே நின்றதோ பிராண்டன் பிரவுனர். முந்தின வருடம்வரை சீஹாக்ஸில் ஆடியவர், இவர்கள் கையெழுத்து அவருக்குத் தெரியும். கியர்ஸை நகரவே விடவில்லை. பட்லரோ, இதே பிளேயைப் பயிற்சியின்போது பார்த்து அன்றைக்கு ஏமாந்தவர். இந்தத் தடவை ஏமாறவில்லை. பந்தை எறிகிற அந்த அரை விநாடியில் வில்சன் இத்தனையையும் எங்கே பார்க்கப் போகிறார்? லாக்கெட் கண்ணுக்குத் தெரிந்தார், எறிந்தார். பந்து ஒரு அரையடி கீழே வந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்றால், சரி, அந்த அரையடி அவர் கணக்கில் எழுதலாம். மிச்சத்தை அவர் தலையில் ஏற்றக்கூடாது.

மேட்ச் முடிந்ததும் பழி என்னுடையது என்றார் கேரல். எறிந்தது நான்தான் என்றார் வில்சன். பிளேயைச் சொன்ன துணை கோச் டேரல் பெவெல் மட்டும், லாக்கெட் பந்துக்கு இன்னும் வலுவாகப் போராடியிருக்கலாம் என்ற மாதிரி பேசினார். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. சில வருடம் கழித்து நானே அதைவிட மோசமாக நடந்துகொண்டேன்.

இங்கே பிள்ளைகளுக்கு ஃபிளாக் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு. மோதி விழுத்த மாட்டார்கள், இடுப்பில் தொங்கும் பட்டையைப் பிடுங்கினால் போதும். பக்கத்துக்கு ஐந்து பேர். கோட்டுக்கு ஐந்து யார்டுக்குள் வந்துவிட்டால் ஓடக்கூடாது, எறியத்தான் வேண்டும். என் மகன் அணியில் பிளே சொல்ல ஆளில்லை என்று என்னைப் போட்டார்கள். எங்கள் குவார்ட்டர்பேக் ஒரு பெண் பிள்ளை, நம்ம ஊர்க் குடும்பம்தான். நான் ஓரத்தில் நின்று விரலால் எண் காட்டுவேன். அவள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையில் அந்த எண்ணைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வாள்.

அக்டோபர் மாதச் சனிக்கிழமை, பிசுபிசுவென்று தூறல். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், கடைசி பிளே, கோட்டுக்கு நாலு யார்டு. ஏழு காட்டினேன். வலது பக்கப் பையன் இரண்டடி நேரே ஓடி உள்பக்கம் வெட்டுவான், அவனுக்கு எறிய வேண்டும். அன்று அந்த ஏழை ஏற்கெனவே இரண்டு தடவை ஆடி இரண்டு தடவையும் டச்டவுன் எடுத்திருந்தோம். அவள் அட்டையின் பிளாஸ்டிக் உறையில் படிந்திருந்த நீரைக் கட்டைவிரலால் துடைத்தாள், எண்ணைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மறுபடியும் ஏழு காட்டினேன். எறிந்தாள். எதிரணியில் மஞ்சள் ஷூ போட்ட உயரமான பையன் நின்ற இடத்திலிருந்து ஓரடிகூட நகராமல் பிடித்துக்கொண்டான்.

பார்க்கிங்கில் அவள் அப்பா கத்தினார். "கண்ணு தெரியலையா உனக்கு? அவன் அங்கதான நிக்கிறான், அவன் கையிலயே கொண்டுபோய்க் குடுக்குற!" அவள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே குனிந்து நின்றாள். நான் இருபதடி தள்ளி கூம்புகளை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. "சார், பிளே சொன்னது நான்தான்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடி, காரில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. திங்கள் மாலை பயிற்சியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு உன்மேல் இல்லை என்றேன். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "தெரியும் அங்கிள். அந்த யெல்லோ ஷூ பையன் முன்னாடியே அங்க வந்து நின்னுட்டான். நான் பாத்தேன். ஆனா நீங்க செவன்தான காட்டுனீங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அவள் கண்ணில் தப்பில்லை, கையில் தப்பில்லை. பார்த்ததை வைத்து மாற்றிக்கொள்ள நான் அவளுக்கு இடமே கொடுத்திருக்கவில்லை. ஒரே பிளேயை மூன்றாவது தடவை சொன்னதும் நான்தான். அன்றிரவே அவள் அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். "விடுங்க பிரதர், சின்னப் பசங்க மேட்ச்தான" என்றார். சின்னப் பசங்க மேட்ச் என்றால் பார்க்கிங்கில் எதற்கு அந்தக் கத்து என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சம்பந்தமில்லாத பேச்சு என்றாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. அந்த அணியில் பத்துப் பிள்ளைகள், இருபது பெற்றோர். சனிக்கிழமை எட்டு மணிக்கு ஈரப் புல்லில் கூம்பு வைக்க வாருங்கள் என்று குரூப்பில் போட்டால் கட்டைவிரல் படம் மட்டும் வரும், ஆள் வரமாட்டார்கள். பிளேயில் குறை சொல்ல மட்டும் மடக்கு நாற்காலியோடு முதல் வரிசையில் இருப்பார்கள். இங்கே எங்கள் பொங்கல் விழாவிலும் இதே கதை. சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல நாற்பது பேர், அண்டா கழுவ மூன்று பேர். அந்த மூன்று பேரில் என் மனைவி ஐந்து வருடமாக ஒருத்தி. கைவலியோடு வீட்டுக்கு வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த உப்புப் புகார்களை குரூப்பில் படித்திருக்கிறேன். இதை எழுதினால் சங்கத்துக்காரர்கள் வருத்தப்படுவார்கள், தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். குவார்ட்டர்பேக்கில் குறையே இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. வில்சன் 2022-ல் டென்வர் அணிக்குப் போனபின் 16 டச்டவுன்தான் எறிந்தார், 11 பந்து எதிரணி கைக்குப் போனது. அதில் அவர் பங்கு நிறைய. ஆனால் அந்த சீசனின் முதல் மேட்ச், சியாட்டிலில் நடந்தது, அதையும் பாருங்கள். டென்வர் 17-16 என்று ஒரு புள்ளி பின்னால். கடைசியில் நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, ஐந்து யார்டு தேவை. கோச் நதானியல் ஹாக்கெட் கையில் டைம் அவுட் இருந்தும் கடிகாரத்தை ஓடவிட்டார். அப்புறம் வில்சனை வெளியே எடுத்து, 64 யார்டு தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க ஆளை அனுப்பினார். பந்து வெளியே போனது. மறுநாள் அவரே அது தப்பு என்று ஒத்துக்கொண்டார், சீசன் முடிவதற்குள் அவர் வேலையும் போனது. பெரிய சம்பளத்தில் கொண்டுவந்த குவார்ட்டர்பேக் அந்தக் கடைசி பிளேயில் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். அந்தத் தோல்வியை அவர் கணக்கில் எப்படி எழுதுவது?

அடுத்த தடவை இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) ஆனால் ரீப்ளேயில் பந்தைப் பார்க்காதீர்கள். அதற்கு முந்தின பத்து விநாடியைப் பாருங்கள். எதிரணி எப்படி நின்றது, இதே பிளேயை அன்று எத்தனை தடவை ஆடியிருக்கிறார்கள், வேறு யாராவது ஆளில்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாரா, குவார்ட்டர்பேக் எதையாவது மாற்ற முயன்றாரா. வேறு ஆள் காலியாக நின்றும் நெரிசலுக்குள் எறிந்திருந்தால், தாராளமாக அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தேன். நான் காட்டிய எண் சரிப்படாது என்று தோன்றினால் அவள் தலையில் கை வைப்பாள். எல்லோரும் மூன்றாம் எண்ணுக்கு மாறிவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமையே அது வந்தது. ஏழு காட்டினேன். உள்பக்கம் ஒருத்தன் வந்து நின்றான். அவள் தலையில் கை வைத்தாள், மூலையில் தனியாக ஓடிய பையனுக்கு எறிந்தாள். சரியாகக் கைக்குப் போன பந்து, ஈரத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் வாய் திறப்பதற்குள் நான் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன், "சூப்பர்டா கண்ணு, சரியாத்தான் பாத்த!"

அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.