பாகாயத்திலிருந்து சிப்காட்டுக்கு பைக்கில் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. வீடு வேலூர் பாகாயத்தில். வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில், கணக்குப் பிரிவு. டவுன் பஸ் பிடித்து புது பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து முத்துக்கடை, பிறகு ஷேர் ஆட்டோ. காலை 8.30 ஷிப்டுக்கு 6.45-க்கே கிளம்புகிறேன். இரவு வீடு சேர எட்டரை ஆகிவிடுகிறது, பிள்ளை தூங்கிவிடுகிறது. ஒரு பக்கம் 33 கிலோமீட்டர். மாதம் 2,600 ரூபாய் போக்குவரத்துக்கே போகிறது. பைக் வாங்கினால் இந்தச் செலவு மிச்சமாகும் என்று நினைக்கிறேன். காலேஜ் படித்தபோது டிவிஎஸ் 50 ஓட்டியிருக்கிறேன், கியர் வண்டி ஓட்டியதில்லை. இப்போதுதான் எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறேன். என் மனைவி ஹைவேஸ் என்றாலே வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்? எந்த வண்டி வாங்கலாம்?

பதில்: தம்பி, முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். மிச்சமாகாது.

போக வர 66 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,650 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியாக இருந்தாலும் 30 லிட்டர் பெட்ரோல், 3,000 ரூபாய்க்கு மேல். வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு ஆயில், செயின், டயர், பிரேக் ஷூ என்று மாதத்துக்கு 700 ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டும். 80,000 ரூபாய் கடன் வாங்கி 15 சதவீத வட்டியில் மூன்று வருஷம் கட்டினால் தவணை 2,770 ரூபாய். எல்லாம் சேர்த்து 6,500-ஐத் தொடும். இப்போது ஆகிற செலவைவிட மாதம் 3,900 ரூபாய் கூடுதல்.

அதற்குப் பதிலாகக் கிடைப்பது நேரம். இப்போது ஒரு பக்கத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. நிதானமாக ஓட்டினால் பைக்கில் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி, மாதம் 37 மணி நேரம் கையில் நிற்கும். அதாவது ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 100 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். பிள்ளை தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு அந்த விலை தகும் என்று தோன்றினால் வாங்குங்கள். பணம் மிஞ்சும் என்று மட்டும் வாங்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவானாலும், முதல் மூன்று மாதம் சிப்காட் வரைக்கும் வண்டியில் போக வேண்டாம். புது பஸ் ஸ்டாண்டு வரை மட்டும் போங்கள். உங்கள் நேரம் எங்கே வீணாகிறது என்று பாருங்கள். முத்துக்கடைக்குப் போகிற ஆற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது ஓடிவிடுகிறது. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதிலும், ஊருக்குள் அது நின்று நின்று போவதிலும்தான் 40 நிமிஷம் கரைகிறது. அந்த 8 கிலோமீட்டரை வண்டியில் 20 நிமிஷத்தில் கடக்கலாம். ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு ஆற்காடு பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுங்கள். போக வர 40 நிமிஷம் இதிலேயே மிச்சம், பெட்ரோலும் மாதம் 750 ரூபாய்க்குள் அடங்கும். சிலர் இந்த ஏற்பாடே போதும் என்று அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அது தவறான முடிவு இல்லை.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 30 வருஷமாக வேலூரில் வண்டி பழுது பார்க்கிறேன், 15 வருஷமாகப் பெரியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாகக் கற்றவர்கள் கிளட்ச், கியர், கண்ணாடி, இண்டிகேட்டர் என்று யோசித்து யோசித்துச் செய்வார்கள். யோசிக்காமலே கை போகிற வரைக்கும் கண் ரோட்டில் முழுசாக இருக்காது. ஊருக்குள் 30-ல் போகும்போது அந்தக் குறையைச் சமாளித்துவிடலாம். ஹைவேஸில் 60-ல் முடியாது.

60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் நகர்கிறீர்கள். முன்னால் போகிறவர் பிரேக் போட்டதைக் கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடி ஆகிவிடும். அதன் பிறகு நன்றாகப் பிரேக் பிடித்தாலும் 23 மீட்டர் வேண்டும். மொத்தம் 40 மீட்டர், கிட்டத்தட்ட நாலு பஸ் நீளம். 80-ல் போனால் அதுவே 60 மீட்டரைத் தாண்டும். சத்துவாச்சாரியைத் தாண்டி ரோடு அகலமானதும் எல்லோருக்கும் கை தானாக முறுக்கும். முறுக்க வேண்டாம். 55, 60-ல் இடது ஓரத்தை ஒட்டியே போங்கள். பெருமுகை, ரத்தினகிரி, மேல்விஷாரம் என்று ஊர் வருகிற இடமெல்லாம் எதிர்த் திசையில் வண்டி வரும், ஆள் குறுக்கே கடப்பார் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள். ஓரத்தில் விளக்கு இல்லாமல் நிற்கிற லாரி இருட்டினால் சுவர் மாதிரி. அதன் பின்பக்கம் கண்ணில் பட்டதும் உடனே வலது பக்கம் திருப்பாதீர்கள். வேகத்தைக் குறைத்து, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டுப் பிறகு ஒதுங்குங்கள்.

இப்போது பிரேக். நம் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர், "முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுவாய்" என்பார்கள். நானும் அதை நம்பித்தான் முதல் ஒரு வருஷம் ஓட்டினேன். முன்னால் போன பஸ் சட்டென்று நின்றபோது பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. பஸ்ஸை இடிக்கவில்லை, ஆனால் தார் ரோட்டில் வலது முழங்கை தேய்ந்து எலும்பு தெரிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுவேன்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன்னால் சாய்கின்றன. முன் சக்கரம் ரோட்டில் அழுந்துகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். அழுந்திய சக்கரம்தான் வண்டியை நிறுத்தும். அதனால் காய்ந்த ரோட்டில் முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. ஆனால் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெதுவாக, பாரம் முன்னால் இறங்கியது கைக்குத் தெரிந்த பிறகு பலமாக. ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். மணல் கிடக்கிற இடத்திலும் திருப்பத்திலும் அந்த அழுத்தம் கூடாது. அங்கே போவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலி மைதானம் ஒன்றில் 20-ல் ஆரம்பித்து 40 வரை, ஒரு நாளைக்கு 30 தடவை நின்று பழகுங்கள். நாலு ஞாயிறு போதும். லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடச் சொல்வார்களே தவிர, இதைக் கேட்க மாட்டார்கள். உயிரைக் காப்பது இதுதான்.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். கியர் வண்டிக்கான லைசென்ஸாகவே எடுங்கள். கியர் இல்லாத வண்டியின் லைசென்ஸை வைத்துக்கொண்டு பைக் ஓட்டினால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது சிக்கலாகிவிடும். டெஸ்டில் தேறும் வரை முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டி, பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்டுங்கள்.

எந்த வண்டி? பெயர் சொல்ல மாட்டேன், வகையைச் சொல்கிறேன். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள 125 சிசி பைக். 100 சிசி வண்டி மைலேஜ் கொஞ்சம் கூடக் கொடுக்கும், ஊருக்குள் அருமையாக ஓடும். ஆனால் ஹைவேஸில் பஸ் உரசிக்கொண்டு போகும்போது காற்றில் அலைக்கழியும், ஒரு வண்டியை முந்தவும் நேரம் எடுக்கும். 125 சிசிக்கு மேல் போனால் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு, கட்டாயம் இருக்கும். 2019 ஏப்ரலிலிருந்து அதுதான் சட்டம். 125-உம் அதற்குக் கீழே உள்ளவற்றிலும் பெரும்பாலும் சிபிஎஸ் வரும், பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஏபிஎஸ் உள்ளதையே எடுங்கள், கடனுக்கு நெருக்கடி என்றால் 125 போதும். ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறதா பாருங்கள். கலரைவிட அது முக்கியம். ஸ்கூட்டர், எலக்ட்ரிக் இரண்டும் ஊருக்குள் சுகம். ஆனால் சின்ன சக்கரம் ஹைவேஸ் பள்ளத்தில் சட்டென்று இறங்கிவிடும். புதிதாக ஓட்டுகிறவருக்கு தினம் 66 கிலோமீட்டருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பழைய வண்டி வாங்கினால் டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 2319 என்றிருந்தால் 2019-இல் 23-ஆம் வாரம் செய்தது. மேலே பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் அந்த டயரை மாற்றிவிட்டுத்தான் ரோட்டில் இறங்க வேண்டும்.

உங்கள் வழியில் ஒரு சங்கடம் உண்டு. பஸ்ஸில் போகிறவருக்கு அது தெரியாது. ராணிப்பேட்டை வேலூருக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் போகும்போது சூரியன் முகத்துக்கு நேராக அடிக்கும். சீக்கிரம் கிளம்புகிற நாளில், சாயந்திரம் திரும்பும்போது மேற்கே இறங்குகிற வெயிலும் முகத்துக்கு நேராகத்தான். உங்களுக்குப் பின்னால் வருகிற லாரி டிரைவருக்கும் அதே வெயில்தான் கண்ணில் அடிக்கிறது. அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பின் விளக்கையும் பிரேக் விளக்கையும் தினமும் பாருங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கமும் பையிலும் ஒளி திருப்புகிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஹெல்மெட் கண்ணாடி கீறல் விழுந்தால் எதிர் வெயிலில் முழுக்க வெள்ளையாகிவிடும், சில நூறு ரூபாய்தான், மாற்றிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட் வேண்டாம். திரும்பும்போது இருட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. தெளிந்த கண்ணாடியும் பகலுக்கு ஒரு கூலிங் கிளாஸும் போதும்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும், முகம் முழுக்க மூட வேண்டும். வாரை மாட்டிய பிறகு, பின்னால் நிற்கிற ஒருவரிடம் ஹெல்மெட்டை மேலே தூக்கி முன்னால் உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கானது இல்லை. ஏப்ரல், மே வேலூர் வெயிலில் தலை வேகும் என்று வாரை மாட்டாமல் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். விழும்போது தலையைவிட்டு முதலில் பறப்பது அந்த ஹெல்மெட்தான். காதித் துண்டு ஒன்றைத் தலையில் கட்டி மேலே ஹெல்மெட் போட்டுப் பாருங்கள், வேர்வையை வாங்கிக்கொள்ளும். ஆனால் துண்டோடுதான் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு நனைந்த முதல் பத்து நிமிஷம்தான் மோசம். மேலே படிந்த எண்ணெயும் தூசியும் குழம்பாகும். எங்காவது ஒதுங்கி நில்லுங்கள், ரோட்டை மழை கழுவட்டும். கனமழை நாளிலும், மார்கழியில் பாலாற்றுப் பக்கம் பனி மூடுகிற காலையிலும் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு பஸ்ஸிலேயே போங்கள். வண்டி வாங்கிவிட்டோம் என்பதற்காக தினமும் அதில்தான் போக வேண்டும் என்றில்லை.

செயின் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் கேட்கும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஒன்பது, பத்து நாள். டயர் காற்று வாரம் ஒரு தடவை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன். எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள்.

கடைசியாக உங்கள் வீட்டம்மா. அவர் வேண்டாம் என்பதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் வாங்கி, மூன்று மாதம் ஊருக்குள் ஓட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அவருக்கும் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்து பின்னால் உட்கார வைத்து ரத்தினகிரி வரை போய் வாருங்கள். பிள்ளையை அன்றைக்கு வீட்டில் விட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும், எந்த இடத்தில் உங்கள் தோளை இறுக்கிப் பிடித்தார் என்று கேளுங்கள். அடுத்த நாளிலிருந்து அந்த இடத்தில் பத்து கிலோமீட்டர் குறைத்து ஓட்டுங்கள்.