பதில்: படி இறங்கும்போது மட்டும் முட்டி வலி

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, படி இறங்கும்போது வலது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது, பிசியோதெரபியில் மெஷினால் கரண்ட் வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருந்து திரும்ப வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில், அதே காலில் முன்பு கணுக்கால் பிசகியதையும் சொல்லியிருக்கிறீர்கள். நான் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

படி இறங்கும்போது கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை, தொடை உள்ளே சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒன்று சொதப்பினாலும் முட்டிச்சில்லின் மேல் பாரம் கூடும். கரண்ட் வலியை அடக்கும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். பாதத்தை எவ்வளவு தள்ளி வைத்தும் தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து ஒப்பிடுங்கள். அப்புறம் கண்ணாடி முன் தாழ்வான படியில், எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, இடது காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். வலது முட்டி பெருவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா?

சுவர் அளவு வலது காலில் குறைந்தாலோ, முட்டி இப்படிச் சாய்ந்தாலோ, இடுப்பு, கணுக்கால் இரண்டையும் சோதிக்கும்படி பிசியோவிடம் கேளுங்கள். மெஷின் மட்டும்தான் வைப்பேன் என்றால் தயங்காமல் வேறு ஆளைப் பாருங்கள். அதுவரை, ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கும் காலை மடக்காமல், சற்றுப் பின்தள்ளி உயர்த்திப் பழகுங்கள். தொடை முன்தசைப் பயிற்சியையும் விடக்கூடாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம்.

முட்டி வீங்கினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.