ஒரே ஸ்கேன் படம், மூன்று மருத்துவர்கள்: நாள்பட்ட வலியில் பேச்சின் பங்கு

நாள்பட்ட வலியுடன் வாழ்பவர்களிடம் மருத்துவர் பேசும் விதமும் காட்டும் ஆதரவும் உண்மையில் எதையாவது மாற்றுகின்றனவா, அல்லது அவை வெறும் ஆறுதல்தானா என்பது உங்கள் கேள்வி. பல ஆண்டுகளாகக் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்துவருபவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: மாற்றுகின்றன, நல்லபடியாகவும் கெட்டபடியாகவும்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் பார்த்த மருத்துவர், ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றுமில்லை, மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கூறி அனுப்பிவிட்டார். அவர் ஆறுதலாகவே அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீட்டாருக்கு அது 'இவளுக்கு நோயே இல்லை' என்ற தீர்ப்பாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்தவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு) தேய்ந்து பிதுங்கியிருக்கிறது, இனிக் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்றார். இரண்டில் இந்தப் பேச்சுதான் என்னை அதிகம் முடக்கியது என்பேன். அசைந்தால் முதுகு இன்னும் கெட்டுவிடும் என்ற பயத்தில் நடப்பதையே குறைத்துக்கொண்டேன். தசைகள் வலுவிழந்தன, தூக்கம் போயிற்று, வலி பெருகியது.

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. இந்த ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மூன்றாவதாகப் பெயின் கிளினிக்கில் பார்த்த மருத்துவர் புதிதாக ஸ்கேனும் எழுதவில்லை, மாத்திரையும் கூட்டவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று விசாரித்தார். கால்களின் வலுவையும் உணர்ச்சியையும் சோதித்துப் பார்த்த பிறகு, உங்கள் வலி உண்மையானது என்று என் கணவரையும் உள்ளே அழைத்து இருவரிடமும் சொன்னார். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்து, புதிய காயம் இல்லாதபோதும் வலிக்கச் செய்யலாம் என்று விளக்கினார். முழுதாகக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை; கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள், நடுவில் வலி ஏறும் நாள்கள் வரும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள், அடுத்த மாதம் வந்து சொல்லுங்கள் என்றார். அடுத்த மாதம் போனபோது, விட்ட இடத்திலிருந்தே விசாரணையைத் தொடர்ந்தார். என் வலி இன்னும் இருக்கிறது. ஆனால் நான் குனிகிறேன், நடக்கிறேன், வீட்டிலும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவில் டெட் காப்சுக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்று வலி நீடிக்கும் எரிச்சல் குடல் நோய் உள்ள 262 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவினர் சிகிச்சையின்றிக் காத்திருந்தனர். இரண்டாம் குழுவினர் அதிகப் பேச்சில்லாமல் போலி அக்குபங்சர் (ஊசி உண்மையில் தோலுக்குள் இறங்காத பாவனைச் சிகிச்சை) பெற்றனர். மூன்றாம் குழுவினர் அதே போலிச் சிகிச்சையைப் பரிவும் நம்பிக்கையும் கலந்த உரையாடலோடு பெற்றனர். மூன்று வாரங்களில் போதிய நிவாரணம் கிடைத்ததாகக் கூறியவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். கடைசி இரண்டு எண்களுக்கும் இடையே மாறியது சிகிச்சை அளித்தவர் நடந்துகொண்ட விதம் மட்டுமே. சோதனை முடிவு இயல்பாக உள்ளது என்று தெரிவிக்கும்போது நோயாளியின் வலியையே மறுப்பதுபோல் ஆகிவிடக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எச்சரிக்கிறது.

கூட்டம் நிரம்பி வழியும் ஓபியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் நம்புகிறேன் என்று சொல்ல அரை நிமிடம் போதும். விளக்கத்தையும் தொடர் விசாரிப்பையும் பிசியோதெரபிஸ்டோ செவிலியரோ ஏற்றுக்கொள்ளலாம், எனக்குப் பாதி ஆதரவு அப்படித்தான் கிடைத்தது. நோயாளியாகப் போகிறவர்கள் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: இந்தப் படத்தில் தெரிவது என் வயதினருக்கு வழக்கமானதா, அசைந்தால் ஆபத்து உண்டா, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும். மூன்றாவதற்கு எனக்குக் கிடைத்த பதிலை இங்கேயே தருகிறேன்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.