எடை எழுதாத கடிதங்கள்: செல்லப்பிராணி கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எடையைச் சொல்லாமல் டோஸ் கேட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டேன். 'நடுத்தர சைஸ்', 'நல்ல புஷ்டி', 'என் இடுப்பு உயரம்' எதுவும் எடை ஆகாது. வீட்டு எடை மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை ஏறுங்கள், இறக்கிவிட்டு ஒரு முறை ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். பூனை என்றால் கூடையோடு வைத்து, பிறகு வெறும் கூடையைக் கழிக்கலாம். ஒரு நிமிட வேலை.

ஆண் பூனை, 3 வயது, 4 கிலோ. நேற்றிலிருந்து மண் ட்ரேயில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் எவ்வளவு கொடுக்கலாம்? (திண்டுக்கல்)

எண்ணெயை வைத்துவிட்டுப் பூனையைத் தூக்குங்கள். ஆண் பூனை முக்கினால், வேறு என்று நிரூபணம் ஆகும்வரை அது சிறுநீர் அடைப்புதான். 24 மணி நேரம் தாண்டினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். 48 மணி நேரத்தில் இதயம் நின்றுபோகலாம். மருத்துவரிடம் கொண்டுபோய் ட்யூப் போட்டு எடுக்க வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப் பை கிழியும். எடை எழுதியிருக்கிறீர்கள், அது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் சரி. இதற்கெல்லாம் கடிதம் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

40 நாள் லேப்ரடார் குட்டி வாங்கினோம். 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று கார்டு கொடுத்தார்கள். அடுத்தது எப்போது? (ஈரோடு)

கார்டில் தடுப்பூசி பாட்டிலின் ஸ்டிக்கர், பேட்ச் நம்பர், மருத்துவரின் முத்திரை இருக்கிறதா? தேதியும் ஒரு கிறுக்கலும் மட்டும் என்றால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள். 40 நாளில் 'எல்லா ஊசியும்' முடியவே முடியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் அடித்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் அது தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் 3 மாதத்தில். இந்த ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்குச் சாகாது, ப்ளீச்சுக்குத்தான் சாகும்.

இன்னொன்று. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. 40 நாளில் வாங்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

நாய்க்கு எவ்வளவு எடுத்தாலும் உண்ணி குறையவில்லை. பவுடர், ஷாம்பு எல்லாம் பார்த்தாயிற்று. சுவரில் ஏறுகிறது. (மதுரை)

சுவரில் ஏறுகிறது என்று நீங்களே எழுதிவிட்டு நாய்க்கு மட்டும் வைத்தியம் கேட்கிறீர்கள். நாயின் மேல் பார்ப்பது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி சுவர் வெடிப்பு, கதவு நிலை, கூண்டின் பலகை இடுக்கு, திண்ணையின் அடிப்பக்கம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி இறங்கிப் போய், இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

செய்ய வேண்டியது இரண்டும் ஒரே வாரத்தில். நாய்க்கு மாதம் ஒரு முறையோ 12 வாரத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரை, அந்த நாயின் எடைக்கென்றே உள்ள அளவில் வாங்கியது. (20 கிலோ நாய்க்கான மாத்திரையை உடைத்து இரண்டு 10 கிலோ நாய்களுக்குக் கொடுக்க வேண்டாம், மருந்து இரு பாதியிலும் சமமாக இருக்கும் என்று உறுதியில்லை. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) வீட்டுக்கு, வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, மருந்து ஸ்ப்ரே. இரண்டு வாரம் கழித்து மறுபடி, அதன்பின் மீண்டும் ஒரு முறை. முட்டைக்கு மருந்து ஏறாது, பொரித்து வந்ததைத்தான் அது கொல்லும். நாய், பூனை, மீன் தொட்டி எல்லாம் தரை காயும்வரை வெளியே.

அமிட்ராஸ் கரைசல் ஊற்றுகிறவர்கள் கவனம். லிட்டருக்குச் சில மி.லி. என்று லேபிளில் இருப்பதை 'உண்ணி நிறைய' என்று மூடி மூடியாக ஊற்றினால், சாவது உண்ணி மட்டுமல்ல. நாய் மயங்கிக் கிடக்கும், இதயத் துடிப்பு இறங்கும். பூனை இருக்கும் வீட்டில் அமிட்ராஸும் வேண்டாம், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தும் வேண்டாம்.

உண்ணியைப் பிடுங்க: தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. தீக்குச்சி, மண்ணெண்ணெய் கூடவே கூடாது. உண்ணிக்குப் பின் காய்ச்சல், மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு, வயிற்றில் ஊதாப் புள்ளி எதைக் கண்டாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. சிறுநீர் காபி நிறம் என்றால் அது வேறு கிருமி, அதற்கு வேறு ஊசி. முதலில் சொன்ன காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் சுமார் 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் சாப்பிட ஆரம்பித்ததும் நீங்கள் நிறுத்திவிடுவதுதான் வழக்கம். இரண்டு மாதத்தில் ப்ளேட்லெட் சரிந்து திரும்ப வருவதும் வழக்கம்.

நாங்கள் சாப்பிடுவதைத்தான் எங்கள் நாயும் சாப்பிடும். சாம்பார் சாதம் உயிர். சரிதானே? (தஞ்சாவூர்)

சரியில்லை. வெங்காயம், பச்சையானாலும் வெந்தாலும், நாயின் சிவப்பணுவை உடைக்கும். ஒரு நாளில் தெரியாது. தினமும் சேர்ந்துதான் சோகை வரும். பூனைக்கு இன்னும் கொஞ்சமே போதும். சாதம் வேண்டுமானால் வேகவைத்த கோழி, முட்டை, கேரட் சேர்த்துக் கொடுங்கள். உப்பும் தாளிப்பும் வேண்டாம்.

எங்கள் பெண் பூனைக்கு உடம்பு சுடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வேளை கொடுத்தோம், கொஞ்சம் டல்லாக இருக்கிறது. அடுத்த வேளை எப்போது? (சென்னை)

அடுத்த வேளையே கிடையாது. இதைப் படிப்பதற்குள் மருத்துவமனையில் இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதை எத்தனை முறை எழுதினாலும் மறு மாதம் இதே கடிதம் வேறு ஊரிலிருந்து வருகிறது. ஆகவே விவரமாக. நம் கல்லீரல் பாராசிட்டமாலை ஒரு சர்க்கரை மூலக்கூறோடு கோத்து வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் என்ஸைம் பூனைக்குச் சரியாக இல்லை. வெளியேறாத மருந்து விஷமாக மாறி, சிவப்பணுவின் ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க முடியாததாக ஆக்கிவிடும். ரத்தம் சாக்லேட் நிறமாகும். ஈறும் நாக்கும் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். சில மணி நேரத்தில் தொடங்கிவிடும். நீங்கள் எழுதிய 'டல்' அதன் முதல் படி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால், 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 60 மி.கி.க்கு மேல். கிலோவுக்கு 10 மி.கி.யே பூனைக்கு ஆபத்து. 500 மி.கி. மாத்திரை முழுதாக ஒன்று பூனையைக் கொல்லும், பாதியும் கொல்லக்கூடும். 'குழந்தைக்கே கொடுக்கிறோமே' என்பது வாதம் இல்லை. உங்கள் குழந்தை பூனை இல்லை. இந்த விஷத்தை முறிக்கும் மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன். முதல் சில மணி நேரத்துக்குள் ஏறினால்தான் முழுப் பலன். போகும்போது சிரப் பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி. என்று உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைப்பவர்களால்தான் நேரம் போகிறது.

நாய்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். நொண்டுகிறது என்று நம் வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் கொடுப்பவர்கள் நீங்கள்தான். இரண்டுமே நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தார் போலக் கறுப்பு மலம் வந்தபின் ஓடிவருவார்கள். கூடவே கேஸ் மாத்திரை கொடுத்தோமே என்பார்கள், அது காப்பாற்றாது. 'மெலாக்ஸிகாம் நாய்க்கும் உண்டாமே' என்று ஒரு கடிதம். உண்டு. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., மறுநாளிலிருந்து அதில் பாதி. 5 கிலோ பொமரேனியனுக்கு முதல் நாள் 1 மி.கி. மெடிக்கல் ஷாப் மாத்திரை 15 மி.கி. பதினைந்து மடங்கு! எடை, எடை என்று நான் கத்துவது இதற்குத்தான்.

டைக்ளோஃபினாக் மாடுகளுக்குப் போட்டு, அந்தச் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் செத்தபின் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. நம் பக்கம் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகள் கொஞ்சம்தான். மனித மருந்து என்ற பெயரில் டைக்ளோஃபினாக் இன்னும் கடையில் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். கேட்காதீர்கள்.

சிப்பிப்பாறை, 14 மாதம், 19 கிலோ. விலா எலும்பு தெரிகிறது. நல்ல டானிக் சொல்லுங்கள். (கோவில்பட்டி)

கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதுதான் சிப்பிப்பாறை. அது ஓடுவதற்கான உடம்பு. முதுகெலும்பு முட்டி நிற்காமல், தொடைச் சதை இருந்தால் டானிக் வேண்டாம். ஆபரேஷன் என்று வந்தால் மட்டும் இந்த இனம் என்று மயக்க மருந்து கொடுப்பவரிடம் நினைவூட்டுங்கள். கொழுப்பில்லாத உடம்பில் சில மயக்க மருந்துகள் இறங்க நேரமாகும்.

வெள்ளை ராஜபாளையம் குட்டி, 2 மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிரா? (விருதுநகர்)

காது கேட்காமல் இருக்கலாம். நிறமியில்லாத வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிராமல், காற்றுப் படாமல். காது அசையவில்லை என்றால் கை சைகையில் பழக்குங்கள், கயிறில்லாமல் தெருவில் விடாதீர்கள், தூங்கும்போது தொட்டு எழுப்பக் குழந்தைகளை அனுப்பாதீர்கள். அதிலிருந்து குட்டி எடுக்க வேண்டாம்.

நாயின் காதருகே புழு வைத்துவிட்டது. பாச்சா உருண்டையைப் பொடித்துப் போடச் சொல்கிறார்கள். (திருநெல்வேலி)

சொன்னவர்கள் மேல் போடுங்கள். அதுவும், பெட்ரோலும், பினாயிலும் புண் வழியே ரத்தத்தில் ஏறும், நாய் நக்கவும் செய்யும். முதலில் சுற்றிலும் முடியைக் கத்தரியுங்கள். ஓட்டை தெரிவதைவிட உள்ளே பெரிது. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த கட்டுத்துணியைச் சில நிமிடம் புண்ணின் வாயில் அடைத்தால் புழு மூச்சுக்காக மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். காதுத் துளைக்குள் டர்பன்டைன் இறங்கக் கூடாது, அதனால் உங்கள் நாய்க்கு இதை வீட்டில் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள். ஒரே நாளில் முடியாது, மூன்று நாலு நாள் தினமும் பார்க்க வேண்டும். கழுத்தில் கூம்பு மாட்டுங்கள்.

7 வயது பெண் ஸ்பிட்ஸ், 9 கிலோ. ஹீட் முடிந்து ஒன்றரை மாதம். சாப்பாடு இல்லை, தண்ணீர் குடம் குடமாகக் குடிக்கிறது. ஒரு ஈத்துகூடப் போடாத ஏக்கம் என்கிறார்கள். (கோவை)

ஏக்கம் இல்லை, சீழ். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெளியே வடியாவிட்டால் இன்னும் மோசம். இன்றே ஸ்கேன், உறுதியானால் கர்ப்பப்பையை எடுப்பதுதான் வழி. ஒரு ஈத்து போட்டால் நல்லது என்பது ஆதாரமில்லாத பேச்சு.

நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகிறது. பூச்சி மருந்து டோஸ் என்ன? (சேலம்)

எடை? பூச்சியா என்பதும் சந்தேகம். மலவாய்ச் சுரப்பி நிரம்பினாலும் தேய்க்கும், பெரும்பாலும் அதுதான். வாலடியில் அரிசி போலக் காய்ந்த துண்டுகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது, தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்பும்.

தடுப்பூசி போட்ட எங்கள் நாயே விளையாட்டில் பையனைப் பல்லால் கீறிவிட்டது, லேசாக ரத்தம். மஞ்சள் வைத்தோம். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமா? (நாகர்கோவில்)

மஞ்சளைக் கழுவுங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரம் பார்த்து 15 நிமிடம். காபித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. கழுவி முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. ரத்தம் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள், ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் மருந்து) வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். பையனுக்கு என்ன ஊசி என்று கால்நடை மருத்துவரைக் கேட்டு நேரம் போக்காதீர்கள். நாயின் தடுப்பூசிச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள், ஸ்டிக்கர் உள்ள கார்டாக. பத்து நாள் நாயைப் பார்ப்பது ஊசியைத் தொடங்கியபின் செய்யும் வேலை. தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். சதையில் என்றால் 14-ம் நாளும் உண்டு. நாய் பத்து நாளும் நன்றாகச் சாப்பிட்டுத் திரிந்தால், மீதி ஊசியை நிறுத்தலாமா என்று அதே மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாய்க்கு வாய் நாறுகிறது. நம் டூத்பேஸ்ட் போடலாமா? (வேலூர்)

கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். சில பேஸ்ட்டில் சைலிட்டால் இருக்கும், அது நாய்க்கு விஷம். நாய்களுக்கென்றே பேஸ்ட் கிடைக்கிறது. காரை மஞ்சளாகப் படிந்து ஈறு சிவந்திருந்தால் பிரஷ் பயன்படாது, மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். வயதும் எடையும் எழுதவில்லை.