செத்த மொழிக்கு வைத்தியமா?

கேள்வி: பேச ஆளே இல்லாத செவ்விந்தியர் மொழிகளை ஆராய்வதிலேயே சில அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆயுளைக் கழிக்கிறார்களாம். செத்த மொழிக்கு வைத்தியம் பார்ப்பது வீண் வேலை இல்லையா?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. முதலில், அந்த மொழிகள் தாமாகச் சாகவில்லை. உதாரணத்துக்கு ஒன்று: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் வாழ்ந்த வாம்பனோவாக் என்ற செவ்விந்திய மக்களை 1616 முதல் 1619 வரை கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்களின் நிலம் குடியேறிகள் கைக்குப் போனது. பிள்ளைகளுக்கு ஆங்கிலமே கதி என்றானது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மொழியைப் பேச ஆளில்லை.

1993இல் அந்த இனத்துப் பெண் ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட் அதை மீட்கும் வேலையில் இறங்கினார். கையில் இருந்தவை பழைய காகிதங்கள்தான். மதம் மாற்றுவதற்காக ஜான் எலியட் பாதிரியார் 1663இல் அந்த மொழியில் அச்சிட்ட பைபிள். அப்புறம், வாம்பனோவாக் மக்களே தங்கள் மொழியில் எழுதிவைத்த உயில்கள், நிலப் பத்திரங்கள், கடிதங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அவருக்குத் துணை நின்றவர் மொழியியல் பேராசிரியர் கென் ஹேல்.

அந்தக் காகிதங்களில் இல்லாத சொல்லுக்கு எங்கே போவது? அந்த மொழி சேர்ந்த அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தின் மற்ற மொழிகளில் தேட வேண்டும். கன்னடக்காரர் ‘ஹாலு’, ‘ஹல்லு’ என்றால் நம் ‘பால்’, ‘பல்’ என்று பிடித்துவிடலாம் அல்லவா? ஒலி மாறுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை வைத்து, தொலைந்த சொல் எப்படி இருந்திருக்கும் என்று கணிக்கலாம். தலைமுறை தலைமுறையாக மொழியியலாளர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அந்த ஒழுங்கே தெரிய வந்தது. நீங்கள் வீண் என்று சொல்லும் வேலை அதுதான்.

பெயர்ட் 2000இல் மொழியியலில் முதுகலை முடித்தார். அவருடைய மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகவே பேசி வளர்ந்தாள். 2016இல் அதே மொழியில் ஒரு மழலையர் பள்ளியும் தொடங்கியது.

ஹேலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மொழியைக் கற்று, தன் மகன்களிடமும் அதிலேயே பேசிய மனிதர் அவர். அங்குள்ள பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இருமொழிக் கல்வி வேண்டும் என்று 1974இல் அரசுக்குப் பரிந்துரைத்தவர்களில் ஒருவர். நவஹோ, ஹோப்பி என்ற செவ்விந்திய இனத்தவரைத் தகவல் சொல்பவர்களாக மட்டும் நிறுத்திவிடாமல், எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை கொண்டுவந்தார். ஒரு மொழியைப் பேசுபவரே அதன் ஆய்வாளராகவும் ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. 2001இல் காலமானார்.

சரி, உங்கள் கேள்வியில் நியாயமே இல்லையா? இருக்கிறது. கிழவிகளிடம் கதையையும் பாட்டையும் ஒலிநாடாவில் பதிந்துகொண்டு போய்ப் பட்டம் வாங்கிவிட்டு, அந்த ஊர்ப் பக்கமே திரும்பாத ஆய்வாளர்களும் உண்டு. பேரப்பிள்ளைகள் கேட்டால்கூடப் பிரதி கிடைக்காது. அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.