"இச்சையோடு" என்றால் என்ன? ஒரு கிரேக்க வாத்தியாரின் கேள்வி பதில்

நான் 26 ஆண்டுகள் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயரும் அல்ல, மருத்துவரும் அல்ல. ஆபாசப் படம், இச்சை, வேதம் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லித்தான் வாலிபர் ஐக்கியத்தார் சீட்டுப்பெட்டி வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கைப்பேசியில் அனுப்பினார்கள். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

நாசரேத், 22 வயது: ஸ்தோத்திரம் ஐயா. "ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிற எவனும் தன் இருதயத்தில் அவளோடே விபசாரஞ்செய்தாயிற்று" (மத்தேயு 5:28). பஸ்ஸில் எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்து ஒரு கணம் மனம் அசைந்தாலும் நான் விபசாரக்காரன்தானே? எப்படியும் விழுந்தாயிற்று, இனிப் படம் பார்த்தால் என்ன என்று தோன்றுகிறது.

தம்பி, "எப்படியும் விழுந்தாயிற்று" என்கிற அந்த வாக்கியம்தான் உன்னைப் படத்துக்குக் கொண்டுபோகிறது. அதை முதலில் வேதத்திலிருந்து பிரித்தெடுப்போம்.

"இச்சையோடு" என்பதில் உள்ள "ஓடு" மூன்றாம் வேற்றுமை. உடனிகழ்ச்சிப் பொருள். "குடையோடு வந்தான்" என்றால் அவன் வந்தான், குடையும் கூட வந்தது. அப்படிப் படித்தால், பார்வை போகும்போது இச்சை கூடவே ஒட்டிக்கொண்டு வந்தாலும் குற்றம் என்று ஆகிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் "ப்ரோஸ் டோ எபிதூமேசாய்" என்று இருக்கிறது. அது நோக்கத்தைச் சொல்லும் அமைப்பு. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பார்: "மனுஷர் காணவேண்டுமென்று" தர்மம் செய்யாதிருங்கள். அங்கேயும் அதே "ப்ரோஸ் டோ". அங்கே "வேண்டுமென்று" போட்ட நம் மொழிபெயர்ப்பு, இங்கே "ஓடு" போட்டுவிட்டது. ஒரே மாதிரி மொழிபெயர்த்திருந்தால், "ஒரு ஸ்திரீயை இச்சிக்கவேண்டுமென்று பார்க்கிற எவனும்" என்று வந்திருக்கும். எத்தனை வாலிபர்களுடைய தூக்கம் மிஞ்சியிருக்கும்!

பஸ்ஸில் உன் மனம் அசைந்தது; நீ வேண்டுமென்று அசைக்கவில்லை. இனி இரவு பதினொன்றரை மணியை நினைத்துப்பார். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போடுகிறாய். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கிறாய். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுகிறாய்; மற்றக் காது அம்மாவின் காலடிச் சத்தத்துக்கு. இதில் ஒவ்வொரு படியும் "வேண்டுமென்று". வசனம் பேசுவது இதைத்தான்.

இன்னொன்று. அங்கே வரும் "எபிதூமேயோ" (இச்சி, ஆசைப்படு) என்ற வினைச்சொல்லே அசிங்கமானதல்ல. கடைசி இராப்போஜனத்தில் இயேசு "இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன்" என்கிறாரே (லூக்கா 22:15), அங்கேயும் அதே சொல்தான், அதுவும் இரட்டித்து வருகிறது. அவருக்கு வந்தால் ஆசை, நமக்கு வந்தால் இச்சை! ஆனால் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் பத்தாம் கட்டளைக்கும் இதே சொல் உண்டு: பிறனுடைய மனைவியை, எருதை, கழுதையை இச்சியாதே. எனக்கென்று எடுத்துக்கொள்ளத் துடிக்கும் ஆசை அது. ஆகவே வசனத்தின் முனை உணர்ச்சியின் மேல் இல்லை. ஒரு ஆளை எருதின் வரிசையில் வைக்கும் பார்வையின் மேல் இருக்கிறது.

மார்த்தாண்டம்: சுய இன்பம் பாவமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

ஒரே வார்த்தையில் சொல்லும் வசனம் இல்லை. ஓனானின் கதையை (ஆதியாகமம் 38) இதற்கு இழுப்பது தவறு. இறந்த அண்ணனுக்குச் சந்ததி கொடுக்க மறுத்ததே அவன் குற்றம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2352) இதைக் கடுமையான ஒழுங்கீனம் என்கிறது. கூடவே முதிர்ச்சியின்மை, பழக்கத்தின் பலம், மனக்கலக்கம் ஆகியவை குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம் என்றும் சொல்கிறது. புராட்டஸ்டண்டுகளில் ஒருமித்த கருத்து கிடையாது. திரையோடு சேர்ந்து நடந்தால், நாசரேத் தம்பிக்குச் சொன்னதே உனக்கும்.

மதுரை, ஒரு சகோதரி: என் கணவர் ஜெபக்குழுத் தலைவர். அவருடைய போனில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டேன். கேட்டால், "நீ 1 கொரிந்தியர் 7:5ஐ மீறுகிறாய், அதனால்தான்" என்கிறார். தம்பதியர் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியாதிருங்கள் என்கிற வசனம் அது. நான்தான் காரணமா?

இல்லை, அம்மா.

அவர் ஐந்தாம் வசனத்தைத் திறந்தார் அல்லவா, விரலை ஒரு வரி மேலே நகர்த்தச் சொல்லுங்கள். "மனைவியானவள் தன் சொந்தச் சரீரத்துக்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி" என்பது வரைக்கும் எல்லாப் புருஷர்களுக்கும் மனப்பாடம். அரைப்புள்ளிக்குப் பின்: "அப்படியே புருஷனும் தன் சொந்தச் சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி." முதல் பாதி அன்றைய கொரிந்துவில் யாருக்கும் புதிதல்ல, ரோம உலகம் முழுக்க அப்படித்தான் நினைத்தது. இரண்டாம் பாதிதான் இடி. அவருடைய கண்களும் அவருடைய சரீரத்தில்தானே இருக்கின்றன? அவர் காட்டும் பகுதியின்படியே, அந்தக் கண்களை எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

1980 அக்டோபர் 8 அன்று போப் இரண்டாம் யோவான் பவுல், ஒருவன் தன் சொந்த மனைவியைக்கூடத் தன் இச்சையைத் தீர்க்கும் பொருளாகப் பார்த்தால் இருதயத்தில் விபசாரம் செய்யலாம் என்று பேசினார். உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன. நான் புராட்டஸ்டண்டு, இந்த இடத்தில் போப்பின் பக்கம். தாலி கட்டிவிட்டதால் பார்வை தானாகச் சுத்தமாகிவிடாது. மனைவி மாத்திரை அல்ல. (இதை இன்னும் சில முறை சொல்லவேண்டி வரும் என்று நினைக்கிறேன்.)

அவர் உங்களை வற்புறுத்தினாலோ கை நீட்டினாலோ அது இறையியல் கேள்வி அல்ல. பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.

சாயர்புரம், 28 வயது: வீட்டில் பெண் பார்க்கிறார்கள். கல்யாணமானால் இந்தப் பழக்கம் போய்விடும்தானே? "வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம்" என்று இருக்கிறதே.

போகாது. சொன்னேன் அல்லவா, மனைவி மாத்திரை அல்ல. அந்த வசனம் அடக்க முடியாத ஆசை உள்ளவனைப் பற்றியது. உன் ஆசையோ, விரலைத் தள்ளினால் அடுத்த ஆள் வருவாள் என்று பழகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்.

வடக்கன்குளம், கத்தோலிக்கர்: நாசரேத் தம்பிக்குச் சொன்னதை வரவேற்கிறேன். எங்கள் திருச்சபையின் திரெந்துச் சங்கம் 1546இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: ஞானஸ்நானம் பெற்றவரிடம் மிஞ்சியிருக்கும் இச்சை பாவத்திலிருந்து வருகிறது, பாவத்துக்குச் சாய்க்கிறது, ஆனால் அதுவே பாவமல்ல. சம்மதித்தால்தான் பாவம்.

தரங்கம்பாடி, லூத்தரன்: ஐயா, இதை ஒப்புக்கொள்ள முடியாது. 1530இன் எங்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை இரண்டாம் பிரிவில் அந்தச் சாய்வே மெய்யாகப் பாவம் என்கிறது. ஆங்கிலிக்கன் 39 பிரமாணங்களில் ஒன்பதாவதும், இச்சைக்குப் பாவத்தின் தன்மை உண்டு என்கிறது. ரோமர் 7:7 இன்னும் பச்சையாகச் சொல்கிறது: "இச்சை பாவம் என்று நான் அறியாமலிருப்பேனே."

அந்த வாக்கியத்தில் "பாவம்" என்ற சொல் கிரேக்கத்தில் இல்லை, ஐயா. "இச்சையை நான் அறியாமலிருப்பேன்" என்பதே மூலம். அதற்கு முந்தைய வாக்கியத்தில் பாவம் வருகிறது. மொழிபெயர்த்தவர்கள் பொருள் விளங்கட்டும் என்று இங்கேயும் ஒன்றைச் சேர்த்தார்கள். உங்கள் கொள்கை சரியாக இருக்கலாம், ஆனால் இந்தத் தூணில் அதைச் சாய்க்காதீர்கள்.

வடக்கன்குளம்: பார்த்தீர்களா! யாக்கோபு 1:15ஐயும் சொல்லுங்கள். "இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும்." தாய் வேறு, பிள்ளை வேறு.

தரங்கம்பாடி: பாம்பின் வயிற்றில் பிறப்பது பாம்புதான்.

இதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். 26 ஆண்டுகளில் எந்த மாணவனும் இவ்வளவு நன்றாக எழுதவில்லை.

சாயர்புரம்: ஐயா, நான் நிச்சயதார்த்தத்தைப் பற்றி இன்னொன்று கேட்டேன்.

பொறு தம்பி, இது முடியட்டும்.

இந்த வழக்கு லூத்தருக்கும் திரெந்துக்கும் முந்தியது. ஐந்தாம் நூற்றாண்டில் எக்லானும் ஊர்ப் பேராயர் யூலியான், பாலாசை படைப்போடு வந்த இயல்பு, அளவு மீறினால்தான் தவறு என்றார். ஹிப்போ ஊர்ப் பேராயர் அகுஸ்தீன், அது ஆதாமின் வீழ்ச்சியில் முறுக்கிக்கொண்ட ஆசை, நல்ல திருமணத்திலும் அந்த முறுக்கு இருக்கிறது என்றார். அகுஸ்தீன் சாகும்வரை, 430 வரை, சண்டை ஓயவில்லை. வடக்கன்குளத்தார் கேட்பது "எதற்கு நான் குற்றவாளி?" என்று, தரங்கம்பாடியார் கேட்பது "என்னில் எது கெட்டிருக்கிறது?" என்று. இரண்டும் ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டு ஐந்நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறோம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஆபாசப் படத்தைப் பொறுத்தவரை லூத்தரன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். "நான் சம்மதிக்கவில்லை, தானாக வந்தது" என்று பத்து நிமிடம் பார்த்தவனும் சொல்வான். ஆனால் பதினைந்து வயதுப் பையனிடம் "உன் சாய்வே பாவம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நாசரேத் தம்பி மாதிரி "எப்படியும் விழுந்தாயிற்று" என்றுதான் அவன் முடிப்பான்.

தரங்கம்பாடி: கிருபையையும் சேர்த்துச் சொல்லித்தான் அனுப்புவோம்.

சேர்த்துச் சொன்னால் சரி. பெரும்பாலும் நேரம் போதாமல் விட்டுவிடுகிறோம். இத்துடன் இந்த வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

சாயர்புரம்: நிச்சயதார்த்தத்துக்கு முன் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடாதா?

முறியலாம். முறிக்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது.

சென்னை, கல்லூரி மாணவர்: எனக்கு மனக்கட்டுப்பாடு அதிகம். நண்பர்களோடு சும்மா பார்த்தால் என்னை ஒன்றும் செய்யாது.

அலிப்பியுஸ் என்று அகுஸ்தீனுக்கு ஒரு நண்பன். ரோமில் சட்டம் படித்தான், வாள்வீரர் சண்டையை வெறுத்தான். நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். "உடம்பைத்தானே இழுக்கிறீர்கள்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். காதை மூட மறந்துவிட்டான். ஒருவன் விழுந்ததும் கூட்டம் அலறியது. என்னவென்று பார்த்து இகழத்தானே போகிறேன் என்று கண் திறந்தான். இரத்தத்தைப் பார்த்தவன் முகத்தைத் திருப்பவில்லை. அடுத்த முறை அவனே வேறு ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தான். 400ஆம் ஆண்டை ஒட்டி அகுஸ்தீன் தம் பாவ அறிக்கை நூலில் எழுதியது இது. அலிப்பியுஸுக்கும் மனக்கட்டுப்பாடு அதிகம்.

பாளையங்கோட்டை: சுய இன்பம் பாவமா?

இரண்டாம் பதில்.

கோவை, ஒரு சகோதரி: எல்லாரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பெண். நானும் பார்க்கிறேன். பிரசங்கங்களில் நான் இல்லவே இல்லை.

உண்மை. பிரசங்கத்தில் பெண் ஒன்றில் சோதனை, அல்லது பலி. ஆசைப்படுகிற ஆளாக அவளைப் பேச எங்களுக்கு வெட்கம். வேதத்துக்கு அந்த வெட்கம் இல்லை. உன்னதப்பாட்டின் முதல் குரலே பெண்ணுடையது: "அவர் தமது வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடுவாராக." மூன்றாம் அதிகாரத்தில் இரவில் எழுந்து நகரத்தின் வீதிகளில் அவனைத் தேடிப் போகிறாள். ஐந்தாம் அதிகாரத்தில் அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவளோ, வஸ்திரத்தைக் கழற்றிவிட்டேன், கால் கழுவிவிட்டேன், எப்படி எழுவேன் என்கிறாள். அவள் திறந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

அந்தக் கதவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆசை முழுக்க எரிகிற அந்தப் பாட்டில் ஒருவர் தட்டவேண்டியிருக்கிறது. மற்றவர் "இப்போது முடியாது" என்று சொல்ல முடிகிறது. காத்திருப்பதும் தவறவிடுவதும் இருக்கின்றன. திரையில் கதவு கிடையாது. அங்கே இருக்கும் பெண்ணோ ஆணோ உங்களிடம் "முடியாது" என்று சொல்ல வழியே இல்லை. அவர் விரும்பி வந்தாரா, கடனுக்காக வந்தாரா, மிரட்டப்பட்டு வந்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஆசை கெட்டது என்று சொல்லமாட்டேன், அம்மா. அது தட்டிப் பழகவேண்டிய கதவு எங்கேயோ இருக்கிறது.

திருச்சி: நான் இதற்கு அடிமை. இது நோயா, பாவமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலில் (2022 முதல் நடைமுறையில் உள்ளது) கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. ஒழுக்க உறுத்தல் மட்டும் இருந்தால் அந்தக் கோளாறு என்று சொல்லக்கூடாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. வேலை, படிப்பு, குடும்பம் குலைந்தும் மாதக்கணக்கில் நிறுத்த முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உபவாசத்தை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

ஈரோடு: 21 நாள் உபவாசம் போதுமா, 40 நாளா?

மேலே.

நாகர்கோவில்: "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு" என்பதை அப்படியே எடுக்கலாமா?

எடுக்காதே. பரலோகராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்களைப் பற்றிச் சொல்லும் மத்தேயு 19:12ஐ அப்படியே எடுத்து, பழைய வேத அறிஞர் ஓரிகன் தன் ஆண்மையைத் தானே அறுத்துக்கொண்டார் என்று சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியிருக்கிறார். 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் முதல் சட்டமே, தன்னைத்தானே அறுத்துக்கொண்டவன் குருவாக இருக்கக்கூடாது என்பதுதான். போனைப் படுக்கையறைக்கு வெளியே வை. அதற்கே கண் பிடுங்குவதுபோல வலிக்கும்.

பெயர், ஊர் இல்லை: வீடியோ அழைப்பைப் பதிவு செய்து பணம் கேட்டு மிரட்டுகிறார்கள்.

பணம் அனுப்பாதே. எதையும் அழிக்காதே. இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழை. வேதபாடம் பிறகு.

வேலூர்: என் தம்பிக்கு இந்தப் பழக்கம். சீக்கிரம் கல்யாணம் முடித்துவைக்கலாம் என்று ஆயர் சொல்கிறார்.

மனைவி மாத்திரை அல்ல.

நாசரேத், மறுபடியும்: ஐயா, யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும் என்று தோன்றுகிறது. ஆயரிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வந்துவிடுவேனோ என்று பயம்.

நியாயமான பயம். ஒரு வாலிபர் முகாமில், கடைசி இரவு, பாடல் உச்சத்தில் இருந்தபோது ஒரு பையன் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எல்லாரும் அழுதோம், அல்லேலூயா சொன்னோம். பத்து நாளில் அவன் அப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வருபவர்கள்வரை தெரிந்துவிட்டது. பிறகு அவன் ஆலயத்துக்கு வரவில்லை. அந்த மைக்கை அவன் கையில் கொடுத்தவன் நான்.

யாக்கோபு 5:16 "ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது. சபைக்கு முன்பாக என்று அங்கே இல்லை. உன்னைவிடப் பத்து வயது மூத்தவராக, உன் வீட்டாரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக, நீ சொன்ன வேறொரு ரகசியத்தை ஏற்கெனவே காத்தவராக ஒருவரைத் தேடு. பேசும்போது எதிரெதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் நடந்துகொண்டே பேசு. முகம் பார்க்காமல் சொல்வது எளிது. என்னிடம் சொன்னவர்கள் பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுவரை கூட நடந்து வந்தவர்கள்தான்.

பெட்டியில் இன்னும் பதினொரு சீட்டு கிடக்கிறது. ஒன்பதில் மார்த்தாண்டம் தம்பியின் கேள்விதான். இரண்டாம் பதில்.